சுவருக்குள் போன கொடி

அத்தியாயம் பதினான்கு

எவுலாலியா திரும்பி வந்துவிட்டாள் என்பதே போன வாரம் அந்த வீட்டுக்குப் போதுமான செய்தியாக இருந்தது.

கோபித்துக்கொண்டு ஏரிக்கு அக்கரையில் உள்ள அத்தை வீட்டுக்குப் போனவள், பிறந்து சில நாளே ஆன கைக்குழந்தையோடு படகுத்துறையில் வந்து இறங்கினாள். வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எம் பொண்ணோட தொப்புள்கொடியை இந்த வீட்டு அடுப்படியிலதான் புதைக்கணும். மருத்துவச்சி வந்து முறையா புதைக்கணும். அதுக்கப்புறம் யாரும் என்னைப் பார்த்து ஒரு இடத்துல நிக்காதவன்னு சொல்லக் கூடாது."

மாமனார் வெந்துரா தலையை ஆட்டினார். கணவன் காஸ்பர் தலையை ஆட்டினான். நாத்தனார் பெத்ரோனா, காலி பாட்டிலுக்குள் பிளாஸ்டிக் தாள்களைக் குச்சியால் இடித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

கொடி விழுந்தது. மருத்துவச்சி தோமாசா நாள் பார்த்துச் சொன்னாள். இன்றுதான் அந்த நாள்.

காலையிலேயே எவுலாலியா அடுப்புச் சாம்பலை ஒதுக்கி, மூன்று கற்களுக்கு நடுவே கையளவு குழி தோண்டி வைத்தாள். பண்டிகைக்கு உடுத்தும் மேல்சட்டையை எடுத்து மடியில் விரித்து நீவிப் பார்த்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்துப் பெத்ரோனாவுக்குப் பழக்கமில்லை. அண்ணி சிரித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று இவளும் சிரித்து வைத்தாள்.

"பெத்ரோனா, தட்டியில ஒரு சிவப்பு பாக்கெட் வெச்சிருந்தேனே. பார்த்தியா?"

பெத்ரோனா நிமிர்ந்து பார்த்தாள்.

அடுப்புக்கு மேலே நாணலால் முடைந்த தட்டி ஒன்று தொங்கியது. கழுவிய பிளாஸ்டிக் பாக்கெட்டுகளை அவள் அதில்தான் காயவைப்பாள். ஈரம் இருந்தால் பாட்டிலுக்குள் போய்ப் பூசணம் பிடித்துவிடும். அண்ணியும் கொடியை அங்கேயேதான் வைத்திருக்கிறாள். மழைக்காலத்தில் புகை படுகிற இடத்தைத் தவிர வேறெங்கே காயும்?

தட்டி காலியாக இருந்தது. நேற்று சாயங்காலம் அதைத் துடைத்து எடுத்தவள் பெத்ரோனா.

"இங்கதான் அண்ணி இருக்கும்," என்றாள். "தேடிப் பார்க்கிறேன்."

"எறும்பு வரக் கூடாதேன்னு துணியில முடிஞ்சு பாக்கெட்டுக்குள்ள போட்டேன். கட்டைவிரல் கனம்தான் இருக்கும். எலி இழுத்திருக்குமோ?"

"எலியா... இருக்கலாம் அண்ணி."

உள்ளே குழந்தை அழுதது. எவுலாலியா எழுந்து போனாள்.

அந்தப் பாட்டில் சமாசாரம் ஆரம்பித்ததே போன மழைக்காலத்தில்தான். ஊர்க் குப்பை எல்லாம் ஓடைப் பள்ளத்தில் கிடந்தது. ஒரே ராத்திரியில் மழை அதை வாரிக்கொண்டு போய் ஏரியில் கொட்டியது. விடிந்தபோது துணி துவைக்கும் கல்லைச் சுற்றி நகராமல் நின்றது ஊர் தின்று போட்டது எல்லாம். கூட்டம் போட்டார்கள். இனி பள்ளத்தில் யாரும் எதையும் எறியக் கூடாது என்றார்கள். காய்கறித் தோல் காப்பிச் செடிக்கு. தகரமும் கண்ணாடியும் வண்டிக்காரனுக்கு. யாரும் வாங்காத பிளாஸ்டிக் தாள்களைக் கழுவிக் காயவைத்து, பாட்டிலுக்குள் கல்போல் இடித்து நிரப்ப வேண்டும். அந்தப் பாட்டில்களையே செங்கல்லாக அடுக்கிப் பள்ளிக்கூடத்துக்குச் சமையல் கூடம் கட்டிக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு அது ஊர்க் கட்டளை. பெத்ரோனாவுக்கு அது பிடித்துப் போனது. அம்மா செத்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு, நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி ஒரு காரியம் முதல் தடவையாகக் கைக்கு வந்தது. மிட்டாய்த் தாளைக்கூட விடமாட்டாள். அப்பா அவளுக்குக் குப்பை ராணி என்று பெயர் வைத்தார். அண்ணிக்குத்தான் அது பிடிக்கவில்லை. "இந்த வீட்டுல சோறு வாசனை வரலை. கழுவின குப்பை வாசனைதான் வருது," என்று ஒருநாள் கத்திவிட்டுத்தான் அத்தை வீட்டுக்குக் கிளம்பினாள்.

இப்போது கொடியையே குப்பையோடு சேர்த்து இடித்துவிட்டேன் என்று சொன்னால்?

பெத்ரோனா கண்ணை மூடி நேற்றைய சாயங்காலத்தை ஓட்டிப் பார்த்தாள். மஞ்சள் பாக்கெட் போட்டாள். பச்சை போட்டாள். ரொட்டி உறை. சூப்புப் பொடி உறை. சிவப்பு? இல்லை. சிவப்பு எதையும் போட்ட ஞாபகமே இல்லை. நிச்சயமாக இல்லை.

அப்பாடா, என்று மூச்சு விட்டாள். அப்படியென்றால் நிஜமாகவே எலிதான். எலிக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னாள்.

அப்போது அப்பா காப்பி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். போன் ஒரு சிவப்பு பாக்கெட்டுக்குள் இருந்தது.

"அப்பா! அது ஏது?"

"எது, போனா? உங்கண்ணன் வாங்கித் தந்ததுதானே."

"போன் இல்லப்பா. பாக்கெட்டு!"

"ஆங், நல்ல பாக்கெட்டும்மா. கெட்டி. படகுல தண்ணி தெறிக்குதில்ல? தட்டியில இருந்து எடுத்துக்கிட்டேன். நீதானே சொல்வே, எதையும் ஒரு தடவையோட தூக்கிப் போடாதீங்கன்னு."

"உள்ள ஏதாவது இருந்துச்சா?"

"ஒரு துணி முடிச்சு இருந்துச்சு. பூண்டு."

"பூண்டா? பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"பூண்டை எதுக்குப் பிரிச்சுப் பார்க்கணும்? பார்த்தாலே பூண்டு மாதிரி இருந்துச்சு."

"எங்கப்பா போட்டீங்க அதை?" அவள் குரல் கீச்சென்று வந்தது.

"எடுத்த இடத்துலயே வெச்சேன். நான் என்ன பொறுப்பில்லாதவனா? இன்னொரு பாக்கெட்டுக்குள்ள போட்டு, அழகா சுருட்டி, தட்டியிலயே வெச்சேன்."

"எந்தப் பாக்கெட்டு?"

வெந்துரா யோசித்தார். "மஞ்சள். பச்சையாக்கூட இருக்கலாம். உள்பக்கம் வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்துச்சு."

"எல்லாத்துக்கும் உள்பக்கம் வெள்ளிதாம்பா!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? ஏன் இப்படி வெளுத்துப் போறே? பூண்டுதானே. சந்தையில வாங்கிக்கலாம்."

சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அப்பாவின் வாயில் எதுவும் தங்காது. "ஒண்ணுமில்லப்பா. நீங்க யார்கிட்டயும் இதைப் பத்திப் பேச வேண்டாம்," என்றாள்.

"எதைப் பத்தி?"

"பூண்டைப் பத்தி."

அவர் இன்னும் குழம்பிப் போய் நின்றார். பெத்ரோனா அண்ணனுக்கான சோள ரொட்டியைத் துணியில் சுற்றினாள்.

"அண்ணி, நான் அண்ணனுக்குச் சாப்பாடு கொடுத்துட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா," என்றாள் எவுலாலியா உள்ளேயிருந்து. "மத்தியானக் காத்து கிளம்பறதுக்கு முன்னாடி மருத்துவச்சி வந்துடுவாங்க. வந்து தேடிக் குடு." பிறகு, குரலைத் தாழ்த்தி, குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னாள். "உங்கம்மா, உங்க பாட்டி கடலோரத் தோட்டத்துல கூலிக்குப் பறிக்கப் போன இடத்துல பொறந்தவ. அவ கொடி லாரி ஏறுற அவசரத்துல எங்கயோ விழுந்துச்சாம். அதான் அம்மா நாலு வீடு மாறிட்டா. நீ அப்படி இல்லடி கண்ணு."

பெத்ரோனா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். நேற்று இடித்த பாட்டில்களை அங்கே சுவர் கட்டும் அண்ணனிடம்தான் கொடுத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தின் முன்வாசல் வழியாக அவள் போகவில்லை. அந்த வாசலைக் கண்டாலே அவளுக்குக் காது சூடாகும். ஒருமுறை ஸ்பானிஷ் பாடத்தை நின்று வாசிக்கச் சொல்லி, அவள் வாசித்து, வகுப்பே சிரித்தது இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். காப்பிச் செடிகளுக்குள் புகுந்து பின்பக்கமாகச் சமையல் கூடத்துக்கு வந்தாள்.

காஸ்பர் மட்டும் தனியாகச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தான். உதவி வேலைக்கு வந்த பிள்ளைகளின் அப்பாமார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மரச் சட்டத்தின் இரண்டு பக்கமும் கோழிவலை அடித்து, நடுவே பாட்டில்களை அடுக்கிக் கட்டியிருந்தார்கள். மேற்குச் சுவரில் இன்னும் பாட்டில்கள் தெரிந்தன. கிழக்குச் சுவர் முழுக்க ஈரச் சிமெண்ட்.

"வந்துட்டாளா குப்பை ராணி! பாரு, உன் சரக்கு எப்படி நிக்குதுன்னு," என்றான் காஸ்பர்.

"அண்ணே, நேத்து நான் கொண்டுவந்தது எங்கே?"

"உன்னுது ஒண்ணு விடாம சுவர்லதான் இருக்கு."

"தள்ளுபடி ஒண்ணும் ஆகலையா?"

"உன் பாட்டிலா?" அவன் சிரித்தான். "மத்தவங்க பாட்டில் மேல ஏறி நிப்பேன். மெத்துன்னு அமுங்கிச்சுன்னா திருப்பி அனுப்பிடுவேன். உன்னுதை நான் சோதிக்கிறதே இல்லை. எடுத்தேன், கட்டினேன், பூசினேன்."

இந்த வார்த்தையைக் கேட்க அவள் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறாள். இன்றோ, தன் பாட்டில் ஒன்றாவது தள்ளுபடி ஆகியிருக்கக் கூடாதா என்று முதல் தடவையாக ஏங்கினாள். துணி முடிச்சு போன பாட்டில் கல்போல இருக்காது. எங்கேயோ ஓரிடத்தில் அமுங்கும்.

"எந்தச் சுவர் அண்ணே?"

"கிழக்கு. கீழ் வரிசை. இல்ல, நடு வரிசையா? மேற்குலயும் கொஞ்சம் போச்சு. குப்பைக்கு என்ன முகமா இருக்கு, ஞாபகம் வெச்சுக்க?"

அவள் மேற்குச் சுவருக்குப் போனாள். தன் பாட்டில்களை அவளுக்குத் தெரியும். அடியில் எப்போதும் சோள மாவு வாங்கி வரும் நீலப் பையின் துண்டுதான் இருக்கும். ஆனால் அந்த நீலப் பை ஊரில் எல்லா வீட்டுக்கும் வருகிறது. பார்த்த இடமெல்லாம் நீலம். சந்தையில் அவகாடோ பழுத்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பது போல, வலைக்குள் விரலை விட்டு ஒவ்வொரு பாட்டிலாக அமுக்கினாள். கல். கல். கல். எல்லாரும் நன்றாகவே இடித்திருந்தார்கள், பாவிகள்.

"என்ன பண்றே நீ?" காஸ்பர் பூச்சுக் கரண்டியோடு வந்து நின்றான்.

சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டே, முணுமுணுப்பாக.

கரண்டி தரையில் விழுந்தது.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதே." அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். சிமெண்ட் முடியெல்லாம் ஒட்டியது. "இரு. யோசிப்போம். சுவரை உடைக்கலாம். உடைச்சா அத்தனை பாட்டிலையும் பிரிக்கணும். ஊரே வந்து என்னன்னு கேட்கும். தலைநகர்ல இருந்து திரும்பி வந்து எனக்குக் கிடைச்ச முதல் வேலை இது. வேண்டாம். ஒரு துண்டு இஞ்சியை எடு."

"இஞ்சியா?"

"காய்ஞ்ச இஞ்சி. பழைய துணியில முடிஞ்சு குடுத்துடு. முடிச்சோடதானே புதைக்கப் போறாங்க? யாருக்குத் தெரியும்?"

பெத்ரோனாவுக்கு ஒரு கணம் அது நல்ல யோசனையாகவே பட்டது. அண்ணி சந்தோஷமாக இருப்பாள். வீட்டில் சண்டை இருக்காது. குழிக்குள் இஞ்சி இருக்கும். அப்புறம் ஆயுசு முழுக்கத் தினமும் அந்த அடுப்பில் இவள் சமைக்க வேண்டும்.

"மருத்துவச்சி கண்டுபிடிச்சுடுவாங்க அண்ணே."

"அவங்களுக்கா? கண்ணு சரியாத் தெரியாது."

"யாருக்குக் கண்ணு தெரியாது?"

இரண்டு பேரும் திரும்பினார்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவே எவுலாலியா நின்றாள். முதுகில் சால்வைக்குள் குழந்தை. பண்டிகை மேல்சட்டை போட்டிருந்தாள். பின்னால் மருத்துவச்சி தோமாசா மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது காஸ்பர்," என்றாள் தோமாசா. "முழங்கால்தான் போச்சு."

"நீ... நீங்க எப்படி இங்கே?" என்றான் காஸ்பர்.

"மாமா சொன்னாரு," என்றாள் எவுலாலியா. "பூண்டைப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு பெத்ரோனா சொல்லிட்டுப் போனாளாம். அது ஏன்னு என்கிட்ட வந்து கேட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை.

எவுலாலியா சுவருக்கு அருகில் வந்தாள். ஈரமாகப் பளபளத்த அந்தச் சாம்பல் பரப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் பெத்ரோனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதுக்குள்ளயா?"

"நிச்சயமாத் தெரியாது," என்றான் காஸ்பர் அவசரமாக. "எலியாக்கூட இருக்கலாம். அப்பா வேற எங்கயாவது—"

"உன்னைக் கேட்கலை."

பெத்ரோனா ஓரடி முன்னால் வந்தாள்.

"நான்தான் அண்ணி. தட்டியில இருந்த எல்லாத்தையும் நான்தான் இடிச்சேன். நீங்க காலையில கேட்டப்பவே பயம் வந்துடுச்சு. சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"நீங்க போயிடுவீங்கன்னு."

எவுலாலியா அவளையே பார்த்தாள். முதுகில் குழந்தை நெளிந்தது. அதை ஒரு கையால் தட்டிக்கொண்டே கேட்டாள். "எந்தப் பாட்டில்?"

"தெரியலை அண்ணி. இந்தச் சுவரா அந்தச் சுவரான்னுகூட எனக்கு உறுதியாத் தெரியலை."

"உடைச்சிடறேன்," என்றான் காஸ்பர். "நீ சொல்லு. இப்பவே உடைக்கிறேன். காய்ஞ்சு போச்சுன்னா அப்புறம் உளிதான்."

எவுலாலியா மருத்துவச்சியிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. இதுக்கு என்ன முறை?"

தோமாசா ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவினாள்.

"ஆம்பளைப் பிள்ளைன்னா மரத்துல கட்டுவோம். பொம்பளைப் பிள்ளைன்னா அடுப்படி. பாட்டிலுக்கு யாரும் ஒண்ணும் சொல்லி வைக்கலையே." பிறகு சுவரைக் காட்டினாள். "இதுக்கு அந்தப் பக்கம் என்ன வருது?"

"அடுப்பு மேடை," என்றான் காஸ்பர். "பிள்ளைங்களுக்குக் கஞ்சி காய்ச்ச." அவனுக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. "அப்போ இது அடுப்படிதானே! அடுப்படியிலதான் இருக்கு!"

"யாரோட அடுப்படி?" என்றாள் எவுலாலியா. "வாரத்துக்கு ஒரு வீட்டுக்காரி வந்து கிண்டுற அடுப்பு இது. எம் பொண்ணு எந்த வீட்டுக்காரி ஆவா? ஊருக்கெல்லாம் கஞ்சி காய்ச்சுவாளா? இல்ல, யார் வீட்டுலயும் ஒட்டாம என்னை மாதிரியே அலைவாளா?"

மூன்று பேரும் மருத்துவச்சியைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியலை எவுலாலியா," என்றாள் தோமாசா. "தெரிஞ்ச மாதிரி ஏதாவது சொல்லிட்டுப் போயிடலாம். நீயும் நம்பிடுவே. ஆனா தெரியலை."

ஏரியின் மேல் காற்று கிளம்பிவிட்டது. எரிமலையின் உச்சியில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. காஸ்பர் விரலால் பூச்சைத் தொட்டுப் பார்த்தான். இறுக ஆரம்பித்திருந்தது.

எவுலாலியா சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். கூரை இல்லாத அந்த அறையில் புது அடுப்பு மேடை வெறுமையாக இருந்தது. அதில் கை வைத்துப் பார்த்தாள்.

"இது காய்ஞ்சிருச்சா?"

"முந்தாநாளே."

"அப்போ பத்த வை."

"என்னது?"

"நெருப்பு வை. எம் பொண்ணு கொடி இங்க இருக்குன்னா நெருப்பும் இங்க இருக்கணும். ஆறிப்போன அடுப்புல அவளை விட்டுட்டு நான் போக மாட்டேன்."

"கூரை இல்ல எவுலாலியா. மழை வந்தா?"

"வந்தா தகரத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

காஸ்பர் பலகைத் துண்டுகளைப் பொறுக்கினான். தோமாசா முழங்காலை மறந்து எழுந்தாள். மெழுகுவர்த்தி ஏற்றி, தான் கொண்டுவந்த சாராயத்தில் சில துளி மேடை மேல் தெளித்து, சுவரைப் பார்த்தும் அடுப்பைப் பார்த்தும் மாறி மாறி வேண்டிக்கொண்டாள். எந்தப் பக்கம் திரும்பி வேண்டுவது என்பதில் அவளுக்கே சந்தேகம் இருந்தது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

நெருப்பு பிடித்துக்கொண்டது.

"இன்னைக்கு இது அணையக் கூடாது," என்றாள் தோமாசா. "ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்."

"பாட்டில்ல போட்டவ இருப்பா," என்றாள் எவுலாலியா.

கோபமா, மன்னிப்பா என்று அந்தக் குரலில் பெத்ரோனாவுக்குப் பிடிபடவில்லை. அண்ணி குழந்தையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு காப்பிச் செடிகளுக்குள் இறங்கிப் போனாள். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று வீட்டுக்கு. ஒன்று படகுத்துறைக்கு. எந்தப் பக்கம் திரும்பினாள் என்பது இங்கிருந்து தெரியவில்லை. மருத்துவச்சி மெல்ல நடந்து பின்னால் போனாள். காஸ்பர் தகரம் கேட்டு வர ஓடினான்.

பெத்ரோனா மட்டும் நின்றாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. சிறுமிகள் கூட்டமாக ஓடிவந்து பாதிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள யாருடி?"

"அதான், குப்பை அக்கா."

"கஞ்சி தருவாங்களா?"

"கேளேன்."

"நீ கேளு."

பெத்ரோனா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காது சூடேறியது. ஆனாலும் எழுந்து ஓட முடியாது. நெருப்பு இருக்கிறது. சிறுமிகள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். கஞ்சி வரப்போவதில்லை என்று தெரிந்ததும் கலைந்து போனார்கள்.

கால் கடுத்தது. அண்ணன் மேல் வரிசை பூசுவதற்காக ஏறி நின்ற சாக்குமூட்டை ஒன்று மூலையில் கிடந்தது. மிச்சப் பாட்டில்கள் என்று அவள் அதைக் கவனிக்கவே இல்லை. இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு அடியில் ஏதோ மெத்தென்று அமுங்கியது.

அப்படியே அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து, சாக்கின் வாயைப் பிரித்து, கையை விட்டாள். கல். கல். மெத்து. வெளியே எடுத்தாள்.

அடியில் நீலம். நடுவில் வெள்ளிப் பளபளப்பு. கழுத்துக்குக் கீழே விரலை வைத்து அமுக்கினால் உள்ளே போனது, விட்டால் மெல்லத் திரும்பி வந்தது.

தன்னுடையதா? யாரோ ஒரு வீட்டில் சோம்பேறித்தனமாக இடித்ததா? உள்ளே இருப்பது துணியா, சரியாக மடிக்காத ரொட்டி உறையா? ஒன்றும் சொல்ல முடியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பளபளப்புக்குள் அவள் முகம்தான் கோணலாகத் தெரிந்தது.

இதை மறுபடி சாக்குக்குள் போட்டுவிடலாம். நாளைக்கு அண்ணன் இதையும் சுவரில் வைத்துவிடுவான். நெருப்பு எரிகிறது. வேண்டுதல் முடிந்துவிட்டது. அண்ணி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இது அதுவாக இருந்தால் மத்தியானம் நடந்தது எல்லாம் வெறும் சுவருக்கு நடந்தது. இது அதுவாக இல்லாவிட்டால் இன்னொரு முறை எல்லோரையும் கிளறிவிட்டவள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

செடிகள் சலசலத்தன.

எவுலாலியா வந்தாள். பண்டிகைச் சட்டையை மாற்றியிருந்தாள். முதுகில் குழந்தை. ஒரு கையில் விறகுக் கட்டு, மறு கையில் துணியில் சுற்றிய சோள ரொட்டி, இடுப்பில் வீட்டுக் கத்தி. வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். படகுத்துறைக்கு இல்லை.



"சாப்பிடு," என்றாள் எவுலாலியா, விறகைப் போட்டுவிட்டு. "உங்கப்பா பூண்டு வாங்கச் சந்தைக்குப் போயிருக்காரு. வேண்டாம் மாமான்னு எத்தனை சொன்னாலும் கேட்கலை." அப்போதுதான் அவள் கண் கீழே இறங்கியது. "அது என்ன கையில?"

பாட்டிலைப் பாவாடைக்குப் பின்னால் கொண்டுபோகக் கை தானாகவே நகர்ந்தது. பெத்ரோனா அதை நிறுத்தினாள்.

"தெரியலை அண்ணி," என்றாள். "மெத்துன்னு இருக்கு. சாக்குல இருந்துச்சு. என்னுதா இல்லையான்னு தெரியலை. கத்தி கொடுங்க."

எவுலாலியா பாட்டிலைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். எரிகிற நெருப்புக்குப் பின்னால் வெளுக்கத் தொடங்கியிருந்த சுவரைப் பார்த்தாள்.

பிறகு சால்வையின் முடிச்சை அவிழ்த்தாள்.

"இதைப் பிடி," என்று குழந்தையை நீட்டினாள். "அதை என்கிட்ட கொடு."

இரண்டும் கை மாறின.

குழந்தை கனமாகவும் சூடாகவும் இருந்தது. பெத்ரோனா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். கத்தி பிளாஸ்டிக்கில் இறங்குகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். மூடவில்லை.